தாராவியில் இருப்பது வேறு, வேலை செய்வது வேறு

நம்பிக்கை: தமிழ் தெரிந்தால் ஜப்பானிய மொழி பாதி தெரிந்த மாதிரி.

மாதுங்காவிலிருந்தும் செம்பூரிலிருந்தும் ஜப்பானிய வகுப்புக்குப் போகிற நம் பிள்ளைகள் முதல் மாதம் இதைச் சொல்லித்தான் குதிக்கிறார்கள். காரணம் இல்லாமல் இல்லை. வினை கடைசியில் நிற்கிறது, உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுகிறது. ‘ஐந்து மணிக்கு’, ‘மாதுங்காவுக்கு’, ‘அம்மாவுக்கு’ என்று நாம் ‘கு’ போடும் மூன்று இடத்திலும் ஜப்பானியர்கள் ‘நி’ போடுகிறார்கள்.

அதற்காக ஜப்பானிய மொழியே தமிழிலிருந்து வந்தது என்று கிளம்பிவிட வேண்டாம். இரண்டுக்கும் உறவு உண்டு என்று வாதாடியவர் ஜப்பானிய மொழியறிஞர் சுசுமு ஓனோ (1919–2008). யாழ்ப்பாணப் பேராசிரியர் சண்முகதாஸ் தம்பதியும் அவரோடு உழைத்தார்கள். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. வினை கடைசியில் வருவது கொரியனிலும் துருக்கியிலும்கூட உண்டு.

நம்பிக்கை: தமிழில் ‘இல்’ என்றால் ஜப்பானிய மொழியில் ‘தெ’.

இங்கேதான் சறுக்கல். தாராவியில் வேலை செய்கிறேன் என்றால் ‘தாராவி தெ’. தாராவியில் குடியிருக்கிறேன் என்றால் ‘தாராவி நி’. நம் ‘இல்’லை நடுவில் பிளந்து, ஒரு செயல் நடக்கும் இடத்தை ‘தெ’யிடமும், ஒருவர் இருக்கும் இடத்தை ‘நி’யிடமும் கொடுத்துவிட்டார்கள்.

சயானில் லோக்கலில் ஏறினால் ‘நி’. அதே லோக்கலில் மாதுங்கா போனால் ‘தெ’. ஏறும்போது ரயில் நாம் போய்ச் சேரும் இடம், போகும்போது கருவி. மும்பைக்காரருக்கு இது புதிதல்ல. ‘ட்ரெயின் மே’ ஏறி ‘ட்ரெயின் ஸே’ போகிறவர்கள்தானே நாம்? ஆனால் இந்தியும் பாதி வழிதான் துணைக்கு வரும். வேலை செய்தாலும் குடியிருந்தாலும் அதில் ‘தாராவி மே’தான்.

‘தெ’யின் வேலை இதோடு முடியவில்லை. கத்தியால் நறுக்கினாலும், காய்ச்சலால் லீவு போட்டாலும் நம் ‘ஆல்’ இருக்கும் இடத்தில் அதுதான். மூன்றும் சேர்த்து நூறு ரூபாய் என்பதில் அந்தச் ‘சேர்த்து’கூட ‘தெ’தான்.

நம்பிக்கை: ‘இருக்கு’ வந்தால் கண்ணை மூடிக்கொண்டு ‘நி’ போடலாம்.

நானும் அப்படிப் போட்டு மார்க்கைக் கோட்டைவிட்டவன்தான். செம்பூரில் முருகன் கோயில் இருக்கு: ‘நி’. செம்பூரில் நாளைக்குக் கல்யாணம் இருக்கு: ‘தெ’. ஜப்பானிய மொழியிலும் இரண்டுக்கும் வினை ஒன்றே, ‘அரிமஸ்’. ஆனால் கோயில் ஒரு பொருள், கல்யாணம் ஒரு நிகழ்ச்சி.

சந்தேகம் வந்தால் ‘இருக்கு’ என்பதை ‘நடக்குது’ என்று மாற்றிப் பாருங்கள். நாளைக்குச் செம்பூரில் கல்யாணம் நடக்குது என்றால் காது ஒத்துக்கொள்கிறது, ‘தெ’ போடலாம். செம்பூரில் கோயில் நடக்குது என்று சொல்லிப் பாருங்கள், பக்கத்தில் இருப்பவர் எங்கே நடக்குது என்று கேட்பார்.