தெய்வத்துக்கும் சாட்சி வேண்டும்

நம்பிக்கை: நம் சாமி சிலைகள் வெளிநாட்டு அருங்காட்சியகங்களுக்குப் போனது வெள்ளைக்காரன் காலத்தில்.

உண்மை: அமராவதிச் சிற்பங்கள் லண்டனுக்குப் போனது அப்படித்தான். ஆனால் தமிழகக் கோயில்களின் செப்புத் திருமேனிகள் தொடர்பாக நாம் நன்கறிந்த வழக்குகள் விடுதலைக்குப் பிந்தியவை. கும்பகோணம் அருகே சிவபுரத்து நடராஜரை 1954இல் பழுதுபார்க்கக் கொடுத்தார்கள். கோயிலுக்குத் திரும்பியது போலி. அசலை 1973இல் அமெரிக்கக் கலைச் சேகரிப்பாளர் நார்ட்டன் சைமன் வாங்கினார். அது நாடு திரும்பியது 1986இல். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் நடராஜர் திருடுபோனது 2006இல். பூட்டிக்கிடந்த கோயிலில் சிலை இல்லை என்று அதிகாரிகள் அறியும் முன்பே, ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் அதைச் சுமார் 50 லட்சம் டாலருக்கு வாங்கிவிட்டது. விற்றவர் நியூயார்க் வியாபாரி சுபாஷ் கபூர். உடையார்பாளையம் கோயில் வழக்கொன்றில் 2022இல் கும்பகோணம் நீதிமன்றம் அவருக்குப் பத்தாண்டு சிறை விதித்தது. பழியை முழுதும் காலனி ஆட்சியின் தலையில் கட்டினால், பூட்டை உடைத்த உள்ளூர்க் கை கணக்கில் வராமலே தப்பிவிடும்.

நம்பிக்கை: சோழர் சிலை என்று பார்த்தாலே தெரிகிறது, கேட்டால் கொடுத்துத்தானே ஆக வேண்டும்?

உண்மை: பாணி ஒரு சிலையின் காலத்தையும் வட்டாரத்தையும் காட்டும். எந்தக் கோயிலுடையது, எப்போது வெளியேறியது என்று காட்டாது. வழக்கு நிற்பது அந்த இரண்டு கேள்விகளில்தான். 1970 யுனெஸ்கோ உடன்படிக்கை முன்தேதியிட்டுச் செல்லாது. அரும்பொருள் ஏற்றுமதியை இறுக்கிய இந்தியச் சட்டம் 1972இல் வந்தது. எனவேதான் சிலை அதற்கு முன்பே நாட்டைவிட்டுப் போய்விட்டதாகக் கடத்தல் வியாபாரிகள் போலிப் பத்திரம் தயாரிக்கிறார்கள். ஸ்ரீபுரந்தான் நடராஜருக்கும் அப்படியொரு கதை எழுதப்பட்டது. அதை உடைத்தது புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் கோயிலிலேயே எடுத்துவைத்திருந்த படம். 2014இல் சிலை திரும்பியது. ஆக்ஸ்போர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் 1967இல் ஏலத்தில் வாங்கிய திருமங்கையாழ்வாரையும், 1957இல் சுந்தரப்பெருமாள்கோவிலில் எடுத்த படமே காட்டிக்கொடுத்தது. படம் இல்லாத வழக்கு எவ்வளவு கடினம் என்பதற்குப் பத்தூர் நடராஜர் சாட்சி. மண்ணுக்கடியிலிருந்து 1976இல் கிடைத்து லண்டன் போய்ச் சேர்ந்த அந்தச் சிலைக்காக, ஒட்டியிருந்த மண்ணையும் கரையான் தடத்தையும் வரை ஆராய வேண்டியிருந்தது. பாழடைந்த கோயிலுக்கும் உரிமை உண்டு என்று 1991இல் ஆங்கிலேய மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்ற பிறகே நடராஜர் ஊர் திரும்பினார்.

நம்பிக்கை: இங்கே திருடுபோகும்; அங்கே இருந்தாலாவது பத்திரமாக இருக்கும்.

உண்மை: இதில் பாதி நியாயம் உண்டு. பல கிராமக் கோயில்களில் காவல் இல்லை. மீட்ட சிலைகள் பல, வழிபாட்டுக்குப் போகாமல் அரசுப் பாதுகாப்பு மையங்களில் பூட்டிக்கிடக்கின்றன. ஆனால் பத்திரம் என்பது எங்கே வைப்பது என்ற கேள்வி. யாருடையது என்ற கேள்விக்கு அது விடையாகாது. திருட்டை லாபகரமாக்கியதும் அருங்காட்சியகங்கள் கொடுத்த விலைதான். 1982இல் களவுபோய் அடிலெய்டு கலைக்கூடத்தில் இருந்த கல்லிடைக்குறிச்சி நடராஜர், 2019இல் தன் கோயிலுக்கே போய்ச் சேர்ந்தார். காவலைப் பலப்படுத்தினால் அது எல்லா ஊருக்கும் ஆகக்கூடியதே.

நம்பிக்கை: எங்கள் கோயிலுக்குக் கல்வெட்டே இருக்கிறது; வேறென்ன சான்று வேண்டும்?

உண்மை: ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதிக்கு அருகே இருக்கும் மணிமங்கலத்தின் கதையைப் பாருங்கள். அவ்வூர் இராஜகோபாலப் பெருமாள் கோயிலின் சோழர் கல்வெட்டுகள் 1899இலேயே தென்னிந்தியக் கல்வெட்டுகள் மூன்றாம் தொகுதியில் அச்சேறிவிட்டன. அந்தச் சுவர் சொல்வதை இனி யாராலும் மறைக்க முடியாது. ஆனால் ஒரு கல்வெட்டு கொடையைச் சொல்லலாம், மன்னனின் வெற்றியைச் சொல்லலாம். ஓர் உற்சவரின் முகச்சாயலையும், பீடத்து விரிசலையும், தேய்ந்த விரலையும் சொல்லாது. அதற்கு நாற்புறமும் எடுத்த படம், உயரம், எடை, தேதி வேண்டும். பிரதி கோயிலுக்கு வெளியிலும் இருக்க வேண்டும். படம் எடுத்தால் திருடனுக்கு வழி காட்டியதாகாதா என்பவர்கள் உண்டு. பதிவை யார் பார்க்கலாம் என்று வரையறுப்பது அதற்கு மருந்து. பதிவே இல்லாமல் இருப்பது திருடனுக்கு இன்னும் வசதி. அடையாளம் தெரிந்த சிலையை மேடையேற்றப் பெரிய ஏல நிறுவனங்கள் தயங்கும். மீட்பை விமான நிலைய வரவேற்பில் தொடங்கும் விழாவாகப் பார்க்கிறோம். ஆஷ்மோலியன் வழக்கிலோ அது தொடங்கியது, சிலை இன்னும் கோயிலில் இருந்த 1957இல், ஒருவர் எடுத்த ஒரு படத்தில். அந்த வேலையை இன்று ஒவ்வொரு கோயில் நிர்வாகமும் ஒரு கைப்பேசியைக் கொண்டே செய்துவிடலாம்.