ஸ்டீயரிங் தண்டு மாற்றுதல்

காரோட்டியின் கையையும் சாலையைத் தொடும் சக்கரத்தையும் இணைப்பது ஸ்டீயரிங் தண்டு. பிரேக் பழுதுபட்டால் கைப்பிரேக் உண்டு. இத்தண்டு கழன்றால் மாற்று வழி இல்லை. சென்ற விடுமுறையில் என் மாமாவின் சிறிய காரில் தேய்ந்த தண்டை மாற்றியபோது உடனிருந்து கற்றதை இங்கே கூற விழைகிறேன்.

அமைப்பு

ஸ்டீயரிங் சக்கரம் ஓட்டுநரை நோக்கிச் சாய்ந்துள்ளது. ரேக்-பினியன் பெட்டியோ கீழே வேறு கோணத்தில் உள்ளது. இரண்டையும் இணைக்கும் நடுத்தண்டின் முனைகளில் யுனிவர்சல் ஜாயிண்டுகள் உள்ளன. இரு கவைகளும், நடுவே சிலுவை வடிவத் துண்டும், ஊசி பேரிங்குகளும் சேர்ந்ததே ஒரு ஜாயிண்ட். மீட்சி விதியால் நாம் அறிந்த ராபர்ட் ஹூக் 17ஆம் நூற்றாண்டில் இதனை ஆராய்ந்தமையால் ‘ஹூக் இணைப்பு’ என்றும் பெயர்.

இதற்கொரு குறை உண்டு. இரு தண்டுகளுக்கும் இடையே 30 பாகை சாய்விருந்தால், ஒன்று நிமிடத்திற்கு 100 சுற்று சீராகச் சுழலும்போது மற்றது 86.6க்கும் 115.5க்கும் இடையே வேகம் மாறிச் சுழலும். இரு ஜாயிண்டுகளின் கோணங்களும் சமமாக இருந்து, நடுத்தண்டின் இரு கவைகளும் ஒரே தளத்தில் நின்றால், ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்யும். தவறிப் பூட்டினால் ஸ்டீயரிங் ஓரிடத்தில் இறுகும், ஓரிடத்தில் இளகும்.

தேய்வை அறிதல்

மேடுபள்ளத்தில் ‘டக்டக்’ என்ற ஒலி, சக்கரம் திரும்புமுன் கையில் ஓர் ஆட்டம் - இவையே அறிகுறிகள். டை-ராடு முனைகள் தேய்ந்தாலும் இவ்வாறே கேட்கும். ஆகவே ஒருவர் ஸ்டீயரிங்கை மெல்ல இருபுறமும் அசைக்க, மற்றவர் ஜாயிண்டைக் கவனிக்க வேண்டும். மேற்கவை அசைந்தும் கீழ்க்கவை சற்றே தாமதித்தால் குற்றம் ஜாயிண்டில்தான்.

மாற்றும் முறை

1. முன்சக்கரங்களை நேராக நிறுத்தி, ஸ்டீயரிங் சுழலாதவாறு கட்டுக. காற்றுப்பை உள்ள கார்களில் ஸ்டீயரிங் கட்டின்றிச் சுழன்றால் அதனடியிலுள்ள சுருள் நாடாக் கம்பி அறுந்துவிடும். பாட்டரி இணைப்பையும் முன்னரே கழற்றிவிட வேண்டும்.

2. தண்டும் கவையும் சேருமிடங்களில் பெயிண்டால் கோடிடுக.

3. இரு போல்ட்டுகளையும் முழுதும் எடுத்துவிட்டுத் தண்டை உருவுக.

4. பழைய கோடுகளுக்கு ஒத்தவாறு புதியதைச் செருகி, புதிய போல்ட்டுகளைக் கையேட்டில் கண்ட அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்குக.

நான் முறுக்கத் தொடங்கியபோது மெக்கானிக் தடுத்தார். “தம்பி, முறுக்குறது பெரிசில்லே, போல்ட்டு பள்ளத்திலே விழுந்திருக்கா பாரு” என்றார். பினியன் முனையின் வரிப்பற்களுக்குக் குறுக்கே ஒரு பள்ளம் வெட்டியிருக்கிறார்கள். போல்ட் அதன் வழியே சென்றால், பின்னாளில் சற்றுத் தளர்ந்தாலும் தண்டு நழுவாது. அன்று தண்டு முழுதும் இறங்கவில்லை. நானோ போல்ட்டைச் சுத்தியலால் தட்டவிருந்தேன்!

இறுதியில் ஸ்டீயரிங்கை இருகோடி வரை திருப்பி, இருபுறமும் சுற்றுகள் சமமா எனப் பார்த்து, வெற்று மைதானத்தில் மெதுவாக ஓட்டிச் சோதித்தோம்.

முடிவுரை

நண்பர்களே, வகுப்பில் நாம் வரையும் கோணங்கள் பட்டறையில் உயிர் காக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத அந்தப் பள்ளத்தை விரலால் தடவிப் பார்த்த பிறகே முறுக்க வேண்டும் என்பதே நான் கற்ற பாடம்.