உப்புக் காற்றில் ஒரு பழைய வேன்

மாப்பிள்ளை,

நேற்று அக்கா போனில் எல்லாம் சொன்னாள். சொந்தமாகக் கண்ணாடி துடைக்கும் தொழில், அதற்கு ஒரு பழைய வண்டி, கோவளத்தில் ஒரு குட்டியானை மலிவாக வருகிறது, பளபளவென்று பெயின்ட் அடித்திருக்கிறது, எஃப்சி தகுதிச் சான்று வாங்கிப் பத்து நாள்தான் ஆகிறது, ஞாயிற்றுக்கிழமை அட்வான்ஸ் கொடுக்கப் போகிறாய். தொழிலைப் பற்றி இந்த மாமாவுக்கு மறுப்பே இல்லை. அட்வான்ஸை மட்டும் நிறுத்தி வை.

மாமாவின் முதல் லோடு வண்டியும் இப்படித்தான் வந்தது. எஃப்சிக்குப் போகும் வண்டிக்கு எல்லோரும் பெயின்ட் அடிப்பார்கள். ஊர் வழக்கம், அதில் தப்பில்லை. அந்தப் பெயின்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க மாமாவுக்கு அன்று தெரியவில்லை. பழைய ஓனர் என்ன சுமை ஏற்றினார் என்றும் கேட்கவில்லை. மீன் ஏற்றியிருக்கிறார். பெட்டியில் ஐஸ் உருகி, மீன் கழுவிய உப்புத் தண்ணீரோடு சேர்ந்து, வருஷக்கணக்கில் பாடி சந்துகளில் வடிந்து சேஸில் இறங்கியிருக்கிறது. வாங்கிய நாலாம் மாதம் திருப்போரூர் பக்கம் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கும்போது பின்னால் ‘மடக்’ என்றது. இறங்கிப் பார்த்தால், பாடியைத் தாங்கும் குறுக்குச் சட்டம் அப்பளமாக நொறுங்கிக் கிடக்கிறது. விரலால் தொட்டால் ஏடு ஏடாக உரிந்து வந்தது. விற்றுக் கொடுத்த புரோக்கர் அதற்குள் போன் நம்பரையே மாற்றியிருந்தார்.

உன் தொழிலில் ஒரு வேடிக்கை உண்டு. ஈசிஆரில் கடலைப் பார்த்துக் கண்ணாடி வைத்த ரிசார்ட்டும் பங்களாவும் உன்னைத் திரும்பத் திரும்பக் கூப்பிடப் போவதே உப்புக் காற்றால்தான். இன்று துடைத்த கண்ணாடி சில நாளில் வெள்ளை பூத்துவிடும். உனக்குச் சோறு போடும் அந்த உப்புதான் உன் வண்டியையும் தின்னப் போகிறது. எட்டாம் நூற்றாண்டில் ராஜசிம்ம பல்லவன் மாமல்லபுரத்தில் கல்லில் எழுப்பிய கடற்கரைக் கோயிலையே அது விட்டுவைக்கவில்லை. தொல்லியல் துறை கடலோரம் பாறைகளைக் கொட்டி, சவுக்குத் தோப்பு வளர்த்து, கல்லுக்குள் போன உப்பைக் காகிதக் கூழ் அப்பி உறிஞ்சி எடுக்கிறது. கல்லுக்கே அப்படி என்றால் தகரம் எம்மாத்திரம்? காரைக்குடி மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தார் மண்டபம் என்ற ஊரில் கடலோரமாக உலோகத் தகடுகளைக் காற்றில் வைத்து அரிப்பை அளந்தவர்கள். ஆனால் அலையடிக்கும் இடத்தைவிட்டு உள்ளே போகப் போக உப்பின் கடுமை சட்டென்று குறைந்துவிடும். அதனால் வண்டியை உத்திரமேரூர், திருவண்ணாமலை, வேலூர் பக்கம் தேடு. டிஎன் 19 என்ற செங்கல்பட்டு நம்பரை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அந்த நம்பர் வண்டி மேட்டுநிலத்திலும் ஓடியிருக்கும், சதுரங்கப்பட்டினத்து மணலிலும் நின்றிருக்கும். இரவில் எங்கே நிறுத்தினார்கள் என்று கேள். எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பது அதற்கு அப்புறம்தான்.

பார்க்கும் முறை இது. ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக்கொள். கதவின் அடிவிளிம்பு, படிக்கட்டு, சக்கர வளைவு இந்த இடங்களில் மெதுவாக ஓட்டு. நல்ல தகரத்தில் காந்தம் இழுத்துப் பிடிக்கும். பட்டி வைத்து மெழுகிய இடத்தில் வழுக்கிக்கொண்டு கீழே வந்துவிடும். பிறகு ஒரு சாக்கு விரித்து வண்டிக்கு அடியில் படு. ஸ்குரூடிரைவர் பிடியால் சேஸை நெடுகத் தட்டு. ‘டங்’ என்றால் சரி, ‘தொப்’ என்றால் எழுந்து வந்துவிடு. ஜாக்கி வைக்கும் இடம், ஸ்பிரிங் கட்டை மாட்டும் இடம், பின்சக்கரத்துக்குப் போகும் பிரேக் பைப் மூன்றையும் டார்ச் அடித்துப் பார். பிரேக் பைப்பில் துரு பொரிந்திருந்தால் விலை பேச்சே வேண்டாம்.

இன்ஜினைப் பற்றி எல்லா மெக்கானிக்கும் உனக்குச் சொல்வார்கள், மாமா ஒன்றுதான் சொல்கிறார். நீ போவதற்கு முன்பே வண்டி சூடாக இருந்தால் சந்தேகப்படு. ஆறிக் கிடக்கும் இன்ஜினைக் காலையில் நீயே ஸ்டார்ட் செய்து, ஆயில் ஊற்றும் மூடியைத் திற. அங்கிருந்து குபுகுபுவென்று புகை தள்ளினால் பேக் கம்ப்ரஷன். கும்பிடு போட்டுவிட்டு வா.

அடுத்தது எடை. இதில்தான் உன் மாதிரிப் பையன்கள் கோட்டை விடுகிறார்கள். நீ சொன்ன முறையில், உயரமான கம்பில் பிரஷ் கட்டி, தண்ணீர் பாய்ச்சிக் கழுவி, துடைக்காமலே காயவிடுவதானால் தண்ணீரில் உப்பே இருக்கக் கூடாது. டிடிஎஸ் மீட்டர் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். குடிநீருக்கே 500 வரை நல்லது, வேறு வழியில்லை என்றால் 2000 வரை பொறுக்கலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். கடலோர போர் தண்ணீரை நம்பிக் கண்ணாடி கழுவ முடியாது. நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2013 முதல் நாளுக்கு 10 கோடி லிட்டர் கொடுக்கிறது. 2024-ல் பக்கத்திலேயே 15 கோடி லிட்டருக்கு இன்னொன்று திறந்தார்கள். ஆனால் அந்தத் தண்ணீர் சென்னைக்குப் போகிறது, உன் டேங்குக்கு வராது. செங்கல்பட்டில் வீட்டிலேயே ஆர்ஓ போட்டு நிரப்பிக்கொண்டுதான் நீ கிளம்ப வேண்டும்.

ஒரு லிட்டர் ஒரு கிலோ. கம்பு நிமிடத்துக்கு ஒன்றிரண்டு லிட்டர் குடிக்கும். 300 லிட்டர் டேங்க், நீயும் உதவிப் பையனும், ஏணி, பம்ப், ஹோஸ் என்று கூட்டினால் 500 கிலோவை எட்டிவிடும். ஆர்சி புக்கில் சுமையோடு இவ்வளவு, வெறும் வண்டி இவ்வளவு என்று இரண்டு எடை போட்டிருக்கும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழி. மிச்சம் வருவதுதான் உன் கணக்கு. அரை டேங்க் தண்ணீர் முழு டேங்கைவிட மோசம் என்பதையும் மறக்காதே. பிரேக் போட்டால் அது முன்னால் ஓடிவந்து வண்டியைத் தள்ளும். உள்ளே தடுப்பு வைத்த டேங்காகப் பார்த்து, பின் அச்சுக்கு முன்னால், தரையோடு போல்ட் போட்டு இறுக்கு. கயிறு கட்டினேன் என்று சொல்லாதே.

எந்த வண்டி? ஓம்னி மேல் உனக்கு ஆசை இருப்பது தெரியும். 1984-ல் மாருதி வேன் என்று வந்தது, 796 சிசி, சினிமாவில் ஆள் கடத்தியே பேர் வாங்கியது. 2019-ல் நிறுத்திவிட்டார்கள், ஆகவே இனி கிடைப்பதில் இளசானதற்கே வயதாகிவிட்டது. தண்ணீர் சுமக்க அது வேண்டாம். குட்டியானை, அதுதான் டாட்டா ஏஸ், 2005-ல் இரண்டு சிலிண்டர் டீசல் இன்ஜினோடு 750 கிலோ சுமக்க வந்தது. சுமைக்குக் கெட்டி. ஆனால் திறந்த பாடி. ரிசார்ட் வாசலில் நிறுத்திவிட்டு மூன்றாவது மாடியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஹோஸும் பம்பும் இருக்குமா? அதோடு இந்தக் கரையில் மீன் ஏற்றாத குட்டியானையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மாமாவின் கணக்கில் உனக்கு ஈகோ கார்கோ. மூடிப் பூட்டலாம், மேலே கேரியரில் ஏணி கட்டலாம், 1.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜினுக்கு எந்த ஊரிலும் ஆள் உண்டு. சிஎன்ஜி வண்டி வந்தால் யோசி. செலவு மிச்சம்தான், ஆனால் நீ டேங்க் வைக்க நினைக்கும் இடத்தில் சிலிண்டர் உட்கார்ந்திருக்கும். சிலிண்டருக்கு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை டெஸ்ட் சர்டிபிகேட்டும் வேண்டும்.

தாம்பரம், முடிச்சூர், வேளச்சேரி பக்கத்து வண்டி என்றால் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கே நின்றது என்று விசாரி. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார். சீட்டைத் துணிபோட்டு மறைப்பார்கள், கார்ப்பெட்டை மாற்றுவார்கள், பெல்ட்டின் உள்சுருளில் படிந்த சேற்றுக் கோட்டைக் கழுவ யாருக்கும் தோன்றாது.

பேப்பர் விஷயம் சுருக்கமாக. வெள்ளை போர்டு வண்டியில் தொழில் சாமான் ஏற்றாதே. இடித்துக்கொண்டால் இன்சூரன்ஸ்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி அதுதான். மஞ்சள் போர்டு என்றால் எட்டு வயது வரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை எஃப்சி, அதற்கு மேல் வருஷாவருஷம். மொத்த எடை 3000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் வேண்டாம். உன்னிடம் இருக்கும் எல்எம்வி லைசென்ஸே போதும். 7500 கிலோ வரை அது செல்லும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. லோன் இருந்த வண்டியானால் ஃபைனான்ஸ் கம்பெனி என்ஓசியும் படிவம் 35-ம் கையில் வராமல் முழுப் பணம் கொடுக்காதே. 29, 30 படிவங்களில் கையெழுத்தான பிறகு ‘பேரை மாற்றிக்கலாம், மெதுவா’ என்று சிலர் வைத்துக்கொள்வார்கள். பேர் மாற்ற உனக்கு 30 நாள்தான் கெடு. இன்சூரன்ஸை உன் பேருக்கு மாற்ற 14 நாளுக்குள் எழுதிக் கொடு.

வாங்கியபின் இரவு வண்டியைச் செங்கல்பட்டிலேயே நிறுத்து. மாமல்லபுரம் சுமார் 30 கிலோமீட்டர்தான், திருக்கழுக்குன்றம் வழியாகத் தினம் வந்து போ. வாரம் ஒருமுறை அடிப்பக்கம் நல்ல தண்ணீர் பீய்ச்சு. ஆர்ஓ கழித்துத் தள்ளும் தண்ணீரை வீணாக்க மனம் வராமல் அதிலேயே வண்டியைக் கழுவப் பார்ப்பாய். அதில்தான் பிரித்தெடுத்த உப்பெல்லாம் இருக்கிறது.

கோவளத்து வண்டியையும் பார்த்துவிடுவோம், பார்ப்பதற்குக் காசா? ஞாயிறு காலை ஏழு மணிக்கு வருவதாக ஓனரிடம் சொல். அதற்குமுன் ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்றும் சொல்லிவை. காந்தம் மாமாவிடம் இருக்கிறது. சாக்கு மட்டும் நீ கொண்டு வா.

அன்புடன்,
மாமா