பழைய புஷ்ஷை ஏன் குப்பையில் போட்டாய்?



சில்வராடோ பிக்கப்பின் 4எல்60ஈ ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் டெயில் ஹவுசிங் புஷ் மாற்றியதைப் பற்றி நீ எழுதிய கட்டுரையைப் படித்தேன். புஷ் தேய்ந்தால் எத்தனை ஆயில் சீல் போட்டாலும் ஒழுகத்தான் செய்யும் என்பதையெல்லாம் நமக்குள் பேச வேண்டியதில்லை.

"பழைய புஷ்ஷைத் தட்டி எடுத்துக் குப்பையில் போட்டேன்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாயே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. வண்டியின் நோவு முழுக்க அந்தப் புஷ்ஷில்தானே இருக்கிறது!

புஷ் ஹவுசிங்கோடு அசையாமல் நிற்கிறது, அதற்குள் டிரைவ் ஷாஃப்டின் யோக் சுற்றுகிறது. புஷ் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து, யோக் சுற்றிலும் சீராகத் தேய்ந்திருந்தால், ஏதோ ஒன்று யோக்கை எப்போதும் ஒரே திசையில் அழுத்துகிறது. கியர்பாக்ஸ் மவுண்ட் அமுங்கியிருக்கிறதா, பின் ஆக்சிலின் கோணம் மாறியிருக்கிறதா என்று பார். புஷ் சுற்றிலும் தேய்ந்து, யோக் மட்டும் ஒரு பக்கம் தேய்ந்திருந்தால், ஷாஃப்டில் பாலன்ஸ் போயிருக்கிறது. கிராஸைப் பிடித்து ஆட்டிப் பார். காரணத்தை விட்டுவிட்டுப் புதுப் புஷ் போட்டால் அதுவும் பழையது போன வழியில்தான் போகும்.

நான் தொழில் பழகியது ஷார்ஜாவில். அப்போது வந்தவை பெரும்பாலும் 700ஆர்4 பெட்டிகள். 1982-ல் ஜெனரல் மோட்டார்ஸ் இறக்கியது, உன் 4எல்60ஈ-க்கு அப்பன். ஹவுசிங்கில் மேல் பக்கம் எதுவோ அதற்கு நேராகப் புஷ்ஷில் கோடு கிழித்த பிறகுதான் எங்கள் ஃபோர்மேன் அதைத் தட்டவே விடுவார். பிறகு டீசலில் கழுவி, வெளிச்சத்தில் பிடித்து, "சொல்லுடா, எந்தப் பக்கம்?" என்பார். பதில் சொல்லும்வரை புதுப் புஷ் கைக்கு வராது, மதியச் சோறும் கிடையாது. மேல்பூச்சு போன இடத்தில் அடி உலோகம் வேறு நிறத்தில் தெரியும். அதை இன்றைக்கும் கண்ணை மூடினால் பார்க்க முடிகிறது.

இன்னொன்று. சாக்கெட்டை வைத்துச் சுத்தியலால் இறக்கினாயாமே! புஷ் கொஞ்சம் சாய்ந்து, விளிம்பு உள்ளே மடிந்தால் யோக் முதல் நாளே கீறல் வாங்கும். அதற்கான டிரைவர் இல்லையென்றால் லேத்துக்குப் போய் அளவு கொடுத்து ஒன்று கடைந்து வாங்கு. இதில் கஞ்சத்தனம் ஆகாது.

ஆனால் ஷாஃப்டைக் கழற்றும்முன் ஷாஃப்டுக்கும் பின் ஃபிளாஞ்சுக்கும் சேர்த்துப் பெயிண்ட் கோடு போட்டாய் பார், அதற்கு உன் கையில் முத்தம் கொடுக்கலாம். தலை நரைத்தவர்களே அதைச் செய்வதில்லை. யோக்கை உருவியதும் ஆயில் முழங்கை வழியாகச் சட்டைக்குள் இறங்கியதை எழுதியிருக்கிறாயே, வண்டிக்கு அடியில் படுத்தவனுக்குத்தான் அப்படி எழுத வரும்.

அடுத்த முறை எந்தப் பக்கம் தேய்ந்தது, ஏன் தேய்ந்தது என்று இரண்டு வரி சேர்த்து எழுது. அந்த இரண்டு வரி இல்லாத கட்டுரையை எனக்கு அனுப்பாதே.