மனநலப் பதிவுகளும் புள்ளியியல் ஆய்வாளரும்

மனநலச் சேவைத் தரவு அன்றாட வேலையின் துணைவிளைவு. மருத்துவர் குறிப்பு எழுதுகிறார், செவிலியர் அடுத்த சந்திப்பைப் பதிகிறார், நிர்வாகம் படுக்கைக் கணக்கு வைக்கிறது. இவை சேர்ந்த குவியல்தான் பிறகு புள்ளியியல் ஆய்வாளரிடம் வருகிறது. அதில் நோயின் போக்கும் சேவை நடந்த விதமும் பிரிக்க முடியாதபடி கலந்திருக்கும். ஒருவர் ஆறு மாதம் பதிவில் காணவில்லை என்றால் குணமாகியிருக்கலாம், வேறு ஊருக்குப் போயிருக்கலாம், வரப் பிடிக்காமல் நின்றிருக்கலாம், இறந்தும் இருக்கலாம். எந்த மாதிரியைப் பொருத்துவது என்ற கேள்விக்கு முன்பே இதைக் கேட்கப் பழகியவர்தான் இந்தத் துறையில் நிலைக்கிறார்.

இத்தகைய ஆய்வு செழித்த இடங்களில் ஒன்று தென் லண்டன். லாம்பெத், சதக், லூயிஷம், கிராய்டன் ஆகிய நான்கு பகுதிகளின் பன்னிரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களுக்கு ஒரே பொதுச் சுகாதார அறக்கட்டளை மனநல மருத்துவம் அளிக்கிறது. 1247இல் தோன்றிய பெத்லம் மருத்துவமனையும் மாட்ஸ்லி மருத்துவமனையும் அதைச் சேர்ந்தவை. அங்கே 2008 அளவில் ‘கிரிஸ்’ என்ற தேடல் அமைப்பு வந்தது. பெயர், முகவரி போன்ற அடையாளங்கள் மறைக்கப்பட்ட மின்னணுப் பதிவுகளை அதன் வழியே ஆராயலாம். ஒவ்வோர் ஆய்வு விண்ணப்பத்தையும் பரிசீலிக்கும் குழுவை வழிநடத்துவதில் சேவையைப் பெற்றவர்களுக்கே முதலிடம். இந்தப் பதிவுகளை இறப்புத் தகவலோடு இணைத்து 2011இல் வெளியான ஆய்வு, மனச்சிதைவு நோயுள்ள ஆண்களின் ஆயுள் பொது மக்களைவிட ஏறத்தாழ 15 ஆண்டுகள் குறைவு என்று காட்டியது. இந்த வேலையின் மதிப்புக்கு வேறு சான்று தேவையில்லை.

பதிவின் பெரும்பகுதி எண்ணாக இல்லை, எழுத்தாக இருக்கிறது. அதிலிருந்து அறிகுறிகளையும் மருந்துகளையும் மென்பொருள் கொண்டு பிரித்தெடுக்கிறார்கள். ‘தற்கொலை எண்ணம் இல்லை’ என்ற வரியிலும் ‘தற்கொலை எண்ணம்’ என்ற சொற்கள் இருக்கின்றன. தந்தைக்கு இருந்த நோயும் மகனின் பதிவில் எழுதப்படும். நிரல் தரும் அட்டவணையை நம்புவதற்கு முன், சில நூறு குறிப்புகளையாவது ஆய்வாளரே உட்கார்ந்து படிக்க வேண்டும். சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் அந்த வாசிப்பு கற்றுத்தருவதை எந்தப் பாடத்திட்டமும் தருவதில்லை.

எண்ணாகவே வரும் தரவுக்கு இங்கிலாந்தின் பேச்சுச் சிகிச்சைத் திட்டம் நல்ல எடுத்துக்காட்டு. 2008இல் தொடங்கிய இத்திட்டத்தில், ஒவ்வொரு சந்திப்பிலும் மனச்சோர்வுக்கு ஒன்பது கேள்விகளும் பதற்றத்துக்கு ஏழு கேள்விகளும் கேட்கப்படுகின்றன. முதலாவதில் 10, இரண்டாவதில் 8 என்பவை எல்லைக் கோடுகள். தொடக்கத்தில் ஏதேனும் ஒன்றில் கோட்டைத் தொட்டோ தாண்டியோ இருந்தவர், முடிவில் இரண்டிலும் அதற்குக் கீழே வந்தால் மீண்டவராகக் கருதப்படுகிறார். அப்படித் தொடங்கியவர்களில் பாதிப் பேராவது மீள வேண்டும் என்பது நீண்ட காலம் இலக்காக இருந்தது. ஒவ்வொரு முறையும் அளப்பதால், பாதியில் நின்றவரின் கடைசி மதிப்பெண்ணாவது கையில் இருக்கும். தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் அளந்தால், முன்னேறாதவர்களே அதிகம் விடுபட்டு, சேவை உண்மையைவிடச் சிறப்பாகத் தெரியும். ஒவ்வொரு முறையும் அளந்தாலும் சிக்கல் முழுதாகத் தீர்வதில்லை. ஒரே ஒரு முறை வந்து போனவர்கள் இந்த மீட்புக் கணக்கில் சேர்வதில்லை. கோட்டுக்குச் சற்று மேலே இருந்தவர் ஓரிரு புள்ளி இறங்கினாலே மீண்டவராகிறார். மிக உயரத்திலிருந்து பாதி தூரம் இறங்கியவர் ஆவதில்லை. மிக மோசமான நாளில் உதவி தேடி வந்தவரின் மதிப்பெண் சிகிச்சை இல்லாமலும் ஓரளவு இறங்கும். ஒரே சிகிச்சையாளரிடம் வந்தவர்கள் ஒருவரோடொருவர் ஒத்திருப்பதால் பல அடுக்கு மாதிரிகள் தேவைப்படுகின்றன. ஏழைப் பகுதியில் இயங்கும் நிலையத்தையும் வசதியான பகுதியில் இயங்குவதையும் வெறும் சதவீதத்தால் தரவரிசைப்படுத்துவது அங்கே உழைப்பவர்களுக்குச் செய்யும் அநீதி.

மருந்தின் பலனை ஆராய்வோருக்கு குளோசபைன் ஒரு பாடம். பிற மருந்துகள் பலனளிக்காதவர்களுக்கே பெரும்பாலும் அது தரப்படுகிறது. ஆகவே அதைப் பெறுவோர் நோய் முற்றியவர்கள். அதே வேளை, பிரிட்டனில் அவர்களுக்கு முதல் 18 வாரங்கள் வாரந்தோறும் இரத்தப் பரிசோதனை நடந்ததால், மருத்துவக் கண்காணிப்பும் கூடுதல். குளோசபைன் பெற்றவர்களின் இறப்பு குறைவாக இருப்பது மருந்தாலா, கண்காணிப்பாலா? தென் லண்டன் பதிவுகளில் இதைச் சோதித்தவர்கள் கண்காணிப்பையும் பிற காரணிகளையும் கணக்கில் கொண்ட பிறகும் அந்தத் தொடர்பு நீடித்ததைக் கண்டார்கள். காலக் கணக்கும் இங்கே கவனத்துக்குரியது. மருந்து தொடங்கும் நாள்வரை உயிரோடு இருந்தவர்தான் மருந்து பெற்றவர் ஆகிறார். அந்தக் காத்திருப்புக் காலத்தை மருந்தின் பக்கம் சேர்த்தால், இல்லாத நன்மை இருப்பதுபோல் தோன்றும்.

இந்தப் பணிக்கு வருவோர் மருத்துவப் புள்ளியியலில் முதுகலை முடித்தோ, உளவியல், கணிதம், பொருளியல் படித்தோ வருகிறார்கள். பகுப்பாய்வுக்கு ஆர் மொழி, தரவைப் பிரித்தெடுக்க எஸ்கியூஎல் இரண்டும் பெரும்பாலும் தேவை. தரவைப் பிரித்தெடுப்பதைப் பிறரிடம் முழுதாக விட்டுவிடுபவருக்கு அதன் குறைகள் கடைசிவரை தெரியாது. பகுப்பாய்வுத் திட்டத்தைத் தரவைத் திறக்கும் முன்பே எழுதி வைப்பதும், வாரத்தில் சில மணி நேரம் சிகிச்சைக் குழுவோடு அமர்வதும் தொடக்கத்திலேயே பழக வேண்டியவை. ‘இடர் மதிப்பீடு’ என்ற கட்டத்தை எந்த அவசரத்தில் யார் நிரப்புகிறார் என்பது அங்கேதான் தெரியவரும்.

வேலை பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டு ஒப்பந்தங்களில் ஓடுகிறது. பிறர் எழுப்பிய கேள்விகளுக்கு மாதிரி பொருத்தித் தருபவரின் பெயர் கட்டுரைகளின் நடுவில் புதைந்துபோகும். பதவி உயர்வில் அதற்கு மதிப்பு குறைவு. விடுபட்ட தரவு, சேவைகளுக்கிடையே ஒப்பீடு என ஏதேனும் ஒரு முறையியல் கேள்வியைத் தனக்கென்று வைத்து அதில் முதல் ஆசிரியராக எழுதுவது நல்லது. இணைக்கப்பட்ட தரவுக்கு அனுமதி கிடைக்க மாதக்கணக்கில், சில வேளை ஓராண்டுக்கும் மேல் ஆகும். நிதி வந்த பிறகு விண்ணப்பித்தால் ஒப்பந்தக் காலத்தில் பாதி காத்திருப்பிலேயே கழிந்துவிடும் என்பதால், அனுபவமுள்ளவர்கள் நிதிக்கும் தரவுக்கும் ஒரே நேரத்தில் விண்ணப்பிக்கிறார்கள். இடைப்பட்ட மாதங்களுக்கு அனுமதி ஏற்கெனவே உள்ள சிறிய தரவு ஒன்றைக் கைவசம் வைத்திருக்கிறார்கள்.