ஆப்பிரிக்கக் கானுயிர்களைப் படமெடுக்க எந்தக் காப்பகம்?

ஆப்பிரிக்கக் காடுகளுக்குக் கேமராவுடன் செல்ல எண்ணுவோர் பெரும்பாலும் எந்த லென்ஸை வாங்குவது என்ற கேள்வியிலிருந்தே தொடங்குகின்றனர். ஆயின் விலங்குக்கும் கேமராவுக்கும் இடையிலான தூரம், ஒளி விழும் திசை, பார்வையின் உயரம் ஆகிய மூன்றையும் தீர்மானிப்பது வண்டி எங்கே நிற்கலாம் என்னும் விதியே ஆதலால், காப்பகத்தை முதலிலும் லென்ஸைப் பிறகும் தேர்வதே முறையாகும்.

கென்யாவின் மசாய் மாரா தேசியக் காப்பகம் ஏறத்தாழ 1,510 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள திறந்த புல்வெளி. தான்சானியாவின் செரெங்கெட்டியிலிருந்து புல்லையும் நீரையும் தேடி வரும் வில்டபீஸ்ட் மந்தைகள் ஜூலை முதல் அக்டோபர் வரை இங்கே மாரா ஆற்றைக் கடக்கும் காட்சி உலகப் புகழ் பெற்றது. அப்புகழே அங்கு இடையூறாகவும் அமைந்து, கரையில் வண்டிகள் நெருக்கியடித்து நிற்பதால், நல்ல கோணம் கிடைப்பது பெரிதும் வாய்ப்பைப் பொறுத்ததாகிவிடுகிறது. காப்பகத்தை ஒட்டியுள்ள ‘கன்சர்வன்சி’கள், அதாவது மசாய் மக்கள் தம் நிலத்தைக் கானுயிர்ப் பாதுகாப்புக்கெனக் குத்தகைக்கு விட்டுள்ள பகுதிகள், இக்குறைக்கு மாற்றாகின்றன. நபோய்ஷோ, ஒலாரே மொட்டொரோகி போன்ற இப்பகுதிகளில் வண்டிகளின் எண்ணிக்கை கட்டுப்படுத்தப்பட்டிருப்பதோடு, காப்பகத்துக்குள் தடை செய்யப்பட்ட ஒன்று, பாதையை விட்டு இறங்கி ஓட்டுவது, இங்கே அனுமதிக்கப்படுகிறது. சிவிங்கிப்புலி ஒன்று கரையான் புற்றின்மேல் ஏறி நின்று இரையைத் தேடும் விடியற்பொழுதில், பாதையிலேயே நிற்க வேண்டிய வண்டிக்குச் சூரியன் எதிரே இருந்தால் அதன் முகம் இருண்டே பதியும். சற்று விலகிச் சுற்றிவர இயலும் வண்டிக்கோ அதன் கண்ணில் ஒளிப்புள்ளி தெரியும், கண்ணிலிருந்து வாய்வரை இறங்கும் கரிய கோடும் தெளிவாக விழும். கன்சர்வன்சிகளின் கூடுதல் கட்டணத்துக்கு இதுவே போதிய காரணம்.

தென்னாப்பிரிக்காவின் குரூகர் தேசியப் பூங்கா இதற்கு நேர்மாறான வசதியைத் தருகிறது. 1926இல் தேசியப் பூங்காவான இங்கே தார்ச்சாலைகளில் வாடகைக் காரைத் தாமே ஓட்டிச் செல்லலாம் என்பதால் செலவு குறைவு. ஒரே நீர்நிலையருகே விரும்பும் நேரமெல்லாம் காத்திருக்கலாம். ஆனால் சாலையை விட்டு விலகவோ, குறிக்கப்பட்ட இடங்களன்றி வேறெங்கும் காரை விட்டு இறங்கவோ கூடாது. புதர்க்காடாதலால் குறுக்கிடும் கிளைகளில் குவியம் சிக்கிக்கொள்வதும் வழக்கம். குரூகரின் மேற்கு எல்லையை ஒட்டிய சாபி சேண்ட் தனியார் காப்பகத்தில், இடைவேலி 1993இல் அகற்றப்பட்டதால், அதே விலங்குகளே உலவுகின்றன. தடம் அறிவோர் வண்டியின் முன்னிருக்கையில் அமர்ந்து வழிகாட்ட, வண்டிக்குப் பழகிய சிறுத்தைகளை அருகிலிருந்து படமெடுக்க அதற்கு இணையான இடங்கள் மிகச் சிலவே. செலவும் அதற்கேற்ப மிக அதிகம்.

நமீபியாவின் எட்டோஷாவில் விலங்கைத் தேடி அலைய வேண்டியதில்லை. வறண்ட மாதங்களில் நீர்க்குட்டைகளுக்கு அவையே வருகின்றன, ஒகாகுயேஜோ முகாமின் விளக்கொளிக் குட்டைக்கு இரவில் கறுப்புக் காண்டாமிருகமும் வரும். போட்ஸ்வானாவின் சோபே ஆற்றிலோ படகுதான் வண்டி: நீர்மட்டத்தருகே அமர்ந்திருப்பதால் யானை தாழ்கோணத்தில் தன் முழு உயரத்தோடு பதிகிறது.

இவற்றுள் ஒன்றைத் தேர்ந்தபின் லென்ஸ் எளிதில் முடிவாகும். குவியத்தூரம், அதாவது தொலைவிலுள்ளதை லென்ஸ் எவ்வளவு பெரிதாகக் காட்டும் என்பதன் அளவு, கன்சர்வன்சியிலும் சாபி சேண்டிலும் 100–400 மி.மீ. இருந்தால் போதும், சாலையிலேயே நிற்க வேண்டிய குரூகரிலும் எட்டோஷாவிலும் 600 மி.மீ. பயன்படும். எனினும் நண்பகலில் சூடேறிய நிலத்திலிருந்து எழும் காற்று ஒளியை வளைத்துத் தொலைவிலுள்ள உருவத்தை நெளியச் செய்யும். அதை எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸும் சரிசெய்யாது. புழுதியில் லென்ஸை மாற்றுவதைத் தவிர்க்க இரண்டு கேமராக்களும், வண்டியின் சன்னலில் கேமராவைத் தாங்க அரிசியோ பயறோ நிரப்பிய துணிப்பையும் உதவும். எஞ்சினை நிறுத்தாவிடில் அதிர்வில் படம் கலங்கும். ஓடும் விலங்குக்கு ஷட்டர் வேகம் 1/2000 நொடி அளவில் இருப்பது நல்லது.

முதல்முறை செல்வோர்க்கு, செலவைத் தாங்க முடியுமாயின் மாராவின் கன்சர்வன்சியும், இயலாவிடில் குரூகரில் சொந்தமாகக் கார் ஓட்டுவதும் ஏற்றவை. ஆற்றைக் கடக்கும் ஒரு காட்சிக்காகவே முழுப் பயணத்தையும் திட்டமிடுவது தகாது. எந்தக் காப்பகமாயினும், விலங்கு உணவை விட்டோ குட்டியை விட்டோ எழுந்து விலகும் அளவுக்கு வண்டியை நெருக்குமாறு ஓட்டுநரை வற்புறுத்தலாகாது. காண்டாமிருகத்தின் படத்தை வெளியிடுவோர் அதில் பதிந்துள்ள இடக்குறிப்பைக் கட்டாயம் நீக்கிவிட வேண்டும். கொம்புக்காகக் கொல்லும் வேட்டைக்காரர்களுக்கு அக்குறிப்பே வழிகாட்டிவிடக்கூடும்.