நடக்கிறதா, இருக்கிறதா?

நேர்முகத் தேர்வுக்குத் தயாராகும் பட்டதாரிகளுக்கு ஆங்கிலம் பேசக் கற்றுத்தருகிறேன். வகுப்பில் அடிக்கடி காதில் விழும் வாக்கியங்கள் இரண்டு: 'ஐ ஆம் ஹேவிங் எ பைக்', 'ஐ ஆம் நோயிங் டேலி'. நம் ஊரில் பொருள் புரிந்துவிடும். ஆனால் தேர்விலும் வெளிநாட்டவரோடு பேசும்போதும் இவை தவறாகவே படும்.

எழுதுவது, ஓடுவது, சமைப்பது செயல்கள். அவற்றைக் குறிக்கும் ஆங்கில வினைகளோடு 'இங்' சேரும். தெரிந்திருப்பது, சொந்தமாக இருப்பது, தேவைப்படுவது நிலைகள். அவற்றைக் குறிக்கும் 'நோ', 'ஓன்', 'நீட்' பொதுவாக 'இங்' ஏற்பதில்லை. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொள்ள என் வகுப்பில் பலன் தந்த வழிகள் இவை.

கேள்வி கேட்டுப் பாருங்கள்: 'என்ன செய்கிறாய்?' என்ற கேள்விக்கு 'ஓடுகிறேன்' பதிலாகும். 'எனக்குத் தெரியும்' பதிலாகாது. தத்துவ அறிஞர் ஸீனோ வெண்ட்லர் 1957இல் வினைகளை நான்கு வகையாகப் பிரித்தபோது இந்தச் சோதனையைத்தான் பயன்படுத்தினார்.

தமிழைத் துணைக்கு அழையுங்கள்: 'எழுதிக்கொண்டிருக்கிறேன்' என்போம், 'எனக்குத் தெரிந்துகொண்டிருக்கிறது' என்று யாரும் சொல்வதில்லை. 'வைத்திருக்கிறேன்' என்பதில் மட்டும் கவனம் வேண்டும். அதிலுள்ள 'இருக்கிறேன்', 'ஆம் ஹேவிங்' என்று இழுத்துவிடும். பைக் வைத்திருப்பது உடைமை. 'ஐ ஹேவ் எ பைக்' போதும்.

ஜோடியாகப் படியுங்கள்: 'இங்' ஏற்காத வினைகளின் பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட இது பயன் தரும். ஏனென்றால் ஒரே வினை இரண்டு பக்கமும் நிற்கும். 'ஐ திங்க் ஹி இஸ் ரைட்' என்பது கருத்து. 'ஐ ஆம் திங்கிங் அபௌட் தி ஆஃபர்' என்றால் இப்போது யோசிக்கிறேன். 'தி சாம்பார் டேஸ்ட்ஸ் குட்' சாம்பாரின் தன்மையைச் சொல்கிறது. 'ஷி இஸ் டேஸ்டிங் தி சாம்பார்' என்றால் அவள் ருசி பார்க்கிறாள். 'ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்' சரியே, சாப்பிடுவது செயல்.

மெக்டொனால்ட்ஸின் 'ஐம் லவ்விங் இட்' விளம்பரத்தை மாணவர்கள் சுட்டிக்காட்டுவார்கள். 2003இல் வந்த அந்த வாசகம், அந்த நேரத்து ரசிப்பைச் சொல்கிறது. நண்பர்களிடம் அப்படிப் பேசலாம். தேர்விலும் அலுவலகக் கடிதத்திலும் 'ஐ லவ் இட்' என்றே எழுதுங்கள்.

'திங்க்', 'ஹேவ்', 'சீ', 'டேஸ்ட்' ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாக்கியங்கள் சொந்தமாக எழுதி, வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். 'இங்' சேர்க்கும் முன், 'இது நடக்கிறதா, இருக்கிறதா?' என்று கேளுங்கள். இந்தப் பழக்கம் வந்துவிட்டால் பட்டியலே தேவைப்படாது.